குலுக்கலில் வந்தவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்களும்

குடிமக்கள் பேரவை என்பது, தேர்தலில் வென்றவர்களையோ துறை வல்லுநர்களையோ கொண்டிராமல், ஒரு நாட்டின் அல்லது நகரின் பொதுமக்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட்ட சில பத்துப் பேரோ நூற்றைம்பது பேரோ, ஒரு பொதுக் கேள்வியைப் பல வாரங்கள் கற்று, விவாதித்து, வாக்களித்து, அரசுக்குப் பரிந்துரை அளிக்கும் தற்காலிக அமைப்பாகும். கருத்துக்கணிப்பு, ஒருவருக்கு அந்த நேரத்தில் தோன்றும் விடையைப் பதிவு செய்துகொண்டு போய்விடுகிறது. கருத்துக் கேட்புக் கூட்டம், ஏற்கெனவே நிலைப்பாடு எடுத்துவிட்டு வந்தவர்களையே பெரும்பாலும் ஒலிவாங்கியின் முன் நிறுத்துகிறது. விசாரணை ஆணையம் நீதிபதியையும் ஆவணங்களையும் நம்புகிறது. அக்கறை இருந்தும் நேரமும் தகவலும் வாய்க்காத ஒரு சாதாரண வாக்காளர், அவ்விரண்டும் கிடைத்து, எதிர்க்கருத்து உடையவரோடு ஒரே மேசையில் அமர்ந்து கேட்டும் பேசியும் முடித்த பிறகு எந்த முடிவுக்கு வருவார் என்பதை அறிய, இம்மூன்றிலும் வழியில்லை. அதை அறியவே பேரவை கூட்டப்படுகிறது. இவ்வாறு ஆய்ந்து பேசி முடிவு காண்பதை மையமாகக் கொண்ட அரசியல் சிந்தனையைக் கலந்தாய்வு மக்களாட்சி என்பர்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கனடா, அயர்லாந்து, பிரான்சு, பெல்ஜியம் முதலிய நாடுகளில் நடந்துவரும் இச்சோதனைகளைப் பற்றி எழுதுவோருள் ஒரு சாரார், கட்சி அரசியலின் நோய்களுக்கெல்லாம் இதுவே மருந்தெனக் கருதி, முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் மதித்துப் பேசும் காட்சியில் மனத்தைப் பறிகொடுக்கின்றனர். மறு சாரார், எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத நூறு பேருக்கு நாட்டின் சார்பில் பேச என்ன உரிமை என்று கேட்டு முழு முயற்சியையும் ஒதுக்குகின்றனர். இரு சாராருடைய பார்வையும் அரங்கிற்குள்ளேயே நின்றுவிடுகிறது. கேள்வியை எழுதியவர் யார், விடை யாரிடம் போய்ச் சேர்கிறது, விடையைப் பெற்றவர் அதைக் கொண்டு என்ன செய்யக் கடமைப்பட்டவர் ஆகிய மூன்றும் அரங்கிற்கு வெளியே, பெரும்பாலும் முதல் கூட்டத்திற்கு முன்பே, முடிவாகிவிடுகின்றன என்பதும், பேரவையின் பயனை நிர்ணயிப்பவை அவையே என்பதும் இவ்வுரையின் வாதம்.

குலுக்கல் முறை புதிதன்று. ஏதென்ஸ் நகரில் மக்கள் சபைக்கான அலுவல்களை முன்கூட்டித் தயாரித்த ஐந்நூற்றுவர் அவை ஆண்டுதோறும் குலுக்கலால் நிரப்பப்பட்டது. பதவிகளைக் குலுக்கலால் நிரப்புவது மக்களாட்சிக்கும், தேர்தலால் நிரப்புவது சிலராட்சிக்கும் உரிய இயல்பெனக் கருதப்பட்டதை அரிஸ்டாட்டில் பதிவு செய்திருக்கிறார். தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் உத்திரமேரூர் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவ்வூர்க் கல்வெட்டுகள், குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப்பிரிவுகளிலிருந்து ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு ஆளமர்த்திய முறையை விரித்துரைக்கின்றன. இதையே இன்றைய பேரவைகளின் முன்னோடியாக மேடைகளில் முழங்குவதுண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அது பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆடவரின் பெயர்களே குடத்துள் சென்றன. எடுக்கப்பட்டவர்கள் ஏரியையும் தோட்டத்தையும் நிர்வகித்தார்களேயன்றி, ஊரார் சார்பில் ஒரு சர்ச்சையை ஆராய அமர்த்தப்படவில்லை. ஆயினும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்கிவைத்த அவ்விதி, இன்று பேரவைக்கு விதி எழுதுவோர் எவரும் படித்துப் பார்க்கத் தக்கது.

இக்காலப் பேரவைகளில் நடப்பது அடுக்குமுறைக் குலுக்கல் ஆகும். அதாவது, மக்கள்தொகைக் கணக்கில் பெண்களும் இளைஞரும் முதியோரும் இன்னின்ன பகுதியினரும் சமூகநிலையினரும் எந்த விகிதத்தில் இருக்கின்றனரோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் அவையிலும் அமையுமாறு, பிரிவு பிரிவாகப் பெயர்கள் எடுக்கப்படும். 1970களில் ஜெர்மனியில் பீட்டர் தீனெல் என்பவரும் அமெரிக்காவில் நெட் கிராஸ்பி என்பவரும் தனித்தனியே இம்முறையில் சிறு குழுக்களை அமைத்துப் பார்த்தனர். எனினும், அதன் விளைவு ஒரு நாட்டின் அரசமைப்புச் சட்டம் வரை சென்றது அயர்லாந்தில்தான் என்பதால், அந்நாட்டை விரிவாகப் பார்ப்பது தகும்.

அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தில் ஒரு சொல்லை மாற்றுவதாயினும் பொதுவாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். 1983இல் அவ்வாறு நடந்த வாக்கெடுப்பொன்றில், ஏறக்குறைய 67 சதவீதத்தினரின் ஆதரவோடு எட்டாம் திருத்தம் நிறைவேறி, கருவின் உயிருரிமையைத் தாயின் உயிருரிமைக்குச் சமமாக்கிற்று. அதன் பின், வன்புணர்ச்சியால் கருவுற்றவருக்கும், பிறந்தபின் பிழைக்க வழியில்லாத கருவைச் சுமந்தவருக்குங்கூட உள்நாட்டில் கருக்கலைப்பு கிட்டவில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் பிரிட்டனுக்குப் பயணப்பட்டனர். 2012இல் கால்வே நகரில், கருச்சிதைவு தொடங்கிவிட்ட நிலையிலும் கருக்கலைப்பு மறுக்கப்பட்ட இந்தியப் பெண் பல் மருத்துவர் ஒருவர் இரத்தத்தில் நச்சுத்தொற்று ஏறி இறந்தபோது, அயர்லாந்தின் வீதிகளில் மக்கள் திரண்டனர். மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டமோ, தாயின் உயிருக்கே ஆபத்து நேரும்போது மட்டும் கருக்கலைப்பை அனுமதித்து, மீறுவோருக்குப் பதினான்கு ஆண்டு வரை சிறை என்று விதித்தது. திருச்சபையின் செல்வாக்கும் தொகுதி வாக்குகளின் அச்சமும் சேர்ந்து, பெரிய கட்சிகள் எதுவும் எட்டாம் திருத்தத்தைத் தாமாகத் தொட முன்வராத நிலை அது.

இதற்கிடையே வேறொரு முன்மாதிரி உருவாகியிருந்தது. 2012 முதல் 2014 வரை கூடிய அரசமைப்பு மாநாட்டில், குலுக்கலில் வந்த 66 குடிமக்களும் 33 அரசியல்வாதிகளும் ஒரு தலைவரும் அமர்ந்து, ஒருபாலினத் திருமண உரிமையை வாக்கெடுப்புக்கு விடுமாறு பரிந்துரைத்தனர். 2015 மே மாதம் 62 சதவீதத்தினர் அதனை ஏற்றனர். அதே மாநாடு, குடியரசுத் தலைவராவதற்குரிய வயது வரம்பைக் குறைக்கவும் பரிந்துரைத்திருந்தது. அதே நாளில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் அதனைப் பெரும்பான்மையாகத் தோற்கடித்தனர். குலுக்கலில் வந்தவர்கள் சொன்னால் நாடு தலையாட்டிவிடும் என்று எவரும் எண்ண இடமில்லை என்பதற்கு அதுவே போதும்.

2016இல் சிறுபான்மை அரசு அமைத்த பிரதமர் எண்டா கென்னி, கருக்கலைப்புப் பொருளையும் வேறு நான்கு பொருள்களையும் ஒரு குடிமக்கள் பேரவையிடம் ஒப்படைத்தபோது, அது தள்ளிப்போடும் தந்திரம் என்று எதிர்க்கட்சியினரும் பெண்ணுரிமை இயக்கத்தினரும் கண்டித்தனர். அக்குற்றச்சாட்டை முற்றிலும் பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது. தந்திரமாகத் தொடங்கிய ஒன்று அதைத் தொடங்கியவரின் கைமீறிப் போனது என்று கூறுவதே பொருந்தும். உச்சநீதிமன்ற நீதிபதி மேரி லஃபாய் தலைமையில் 99 குடிமக்கள் நியமிக்கப்பட்டனர். இம்முறை அரசியல்வாதிகளுக்கு இடமில்லை. டப்ளினுக்கு வெளியே மாலஹைடு என்னும் கடலோர ஊரின் விடுதியொன்றில், 2016 நவம்பர் முதல் 2017 ஏப்ரல் வரை ஐந்து வார இறுதிகள் அவர்கள் இப்பொருளை ஆராய்ந்தனர். பயணமும் தங்குமிடமும் அரசின் செலவு. ஊதியம் எதுவும் இல்லை.

கூட்டத்தின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏழெட்டுப் பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி அமர்வர். ஒவ்வொரு மேசைக்கும், பேச்சை ஒரே ஒருவர் கைப்பற்றிக்கொள்ளாமலும் வாய் திறவாதவர் விடுபட்டுப் போகாமலும் பார்த்துக்கொள்ளும் ஒழுங்குபடுத்துநர் ஒருவரும் குறிப்பெடுப்பவர் ஒருவரும் உண்டு. மருத்துவர், சட்ட வல்லுநர், அறவியல் அறிஞர் ஆகியோர் முதலில் விளக்குவர். பின் மேசைகளில் பேச்சு நடக்கும். அப்பேச்சிலிருந்து எழுந்த கேள்விகள் மீண்டும் வல்லுநர்களை நோக்கி வரும். வல்லுநர் உரைகள் இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பாயின. மேசைப் பேச்சு மட்டும், உறுப்பினர் தயங்காமல் மனம் மாறுவதற்கு இடம் வேண்டும் என்பதனால், வெளியிடப்படவில்லை. இரு தரப்பையும் சேர்ந்த பதினேழு அமைப்புகள் நேரில் வாதிட்டன. பொதுமக்களிடமிருந்து ஏறக்குறைய 12,000 மனுக்கள் வந்தன. எட்டாம் திருத்தத்தால் வாழ்க்கை பாதிக்கப்பட்ட பெண்களின் குரல்பதிவுகள் அரங்கில் ஒலித்தன. வாக்குச்சீட்டின் வாசகத்தையும் உறுப்பினர்களே கேள்வி கேட்டுத் திருத்தச் செய்தனர் என்பது பலராலும் கவனிக்கப்படாத செய்தி. எதற்கு வாக்களிக்கிறோம் என்பதில் கை வைக்கும் உரிமை இல்லாத அவைக்கு, வாக்களிக்கும் உரிமை இருந்தும் பயன் சிறிதே.

முடிவு பலரைத் திகைக்க வைத்தது. திருத்தம் அப்படியே நீடிக்கக் கூடாது என்று 87 சதவீதத்தினரும், காரணம் கேளாமலே கருக்கலைப்பை அனுமதிக்க வேண்டும் என்று 64 சதவீதத்தினரும் வாக்களித்தனர். இங்கே, எண்ணிக்கையைப் பற்றிய ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நூறு பேரைக் கொண்ட ஒரு மாதிரியில், குலுக்கல் முற்றிலும் நேர்மையானதாக இருந்தாலும், பத்து சதவீதப் புள்ளிகள் வரை இப்படியோ அப்படியோ விலக வாய்ப்புண்டு என்பது புள்ளியியலின் எளிய கணக்கு. 87 என்பது அந்த எல்லையை வெகுதூரம் தாண்டியது. திருத்தத்தை அடியோடு நீக்குவதா, அதனிடத்தில் வேறொன்றை எழுதுவதா என்ற துணைக்கேள்வியில் 56 சதவீதத்தினர் பின்னதை விரும்பினர் என்பதோ அந்த எல்லைக்கு உட்பட்டது. வேறு 99 பேர் அமர்ந்திருந்தால் அது மாறியிருக்கக் கூடும். எனவே, பேரவையின் வாக்குகளைத் தேர்தல் முடிவைப் போல ஓரிரு புள்ளி வேறுபாட்டுக்குப் பொருள் கொடுத்துப் படிப்பது தவறாகும். அழைப்பை ஏற்று வார இறுதிகளைக் கொடுக்க இசைந்தவர்கள் மட்டுமே அவைக்கு வருகின்றனர் என்னும் சாய்வு வேறு இருக்கிறது. பிற்காலத்தில் வேறொரு பொருளுக்காகச் சேர்க்கப்பட்ட ஏழு மாற்று உறுப்பினர்கள், வீடு வீடாகச் செல்லாமல், ஆள் திரட்டும் பணியிலிருந்த ஒருவரின் அறிமுகத்தின் வழியே சேர்க்கப்பட்டது 2018இல் வெளிப்பட்டு, அவர்கள் விலக்கப்பட்டதும் உண்டு.

பேரவையின் அறிக்கை நாடாளுமன்றத்தின் ஈரவைக் கூட்டுக்குழுவிடம் சென்றது. அக்குழு பல மாதங்கள் சாட்சியம் கேட்டு, பன்னிரண்டு வாரம் வரை காரணமின்றி அனுமதிக்கலாம் என்று 2017 டிசம்பரில் பரிந்துரைத்தது. அடுத்த மாதம், அதுவரை திருத்தத்தை ஆதரித்துவந்த எதிர்க்கட்சித் தலைவர் மீஹால் மார்ட்டின், தம் கட்சியினர் பலரின் விருப்பத்திற்கு மாறாக, தம் நிலைப்பாட்டை அவையிலேயே மாற்றிக்கொண்டார். 2018 மே 25 அன்று 66.4 சதவீதத்தினர் எட்டாம் திருத்தத்தை நீக்க வாக்களித்தனர். பேரவைதான் நாட்டின் மனத்தை மாற்றியது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது மிகை. மக்களின் மனம் பல ஆண்டுகளாகவே மாறி வந்திருந்தது, இயக்கங்கள் அதற்காக உழைத்திருந்தன. மக்கள் மாறிவிட்டதை அறியாமலோ அறிந்தும் நம்பாமலோ இருந்த அரசியல்வாதிகளுக்கு அதை நம்பும் துணிவைத் தந்ததே பேரவை செய்த காரியம். அக்காரியம் கைகூடியதற்குக் காரணம், அறிக்கை போய்ச் சேர வேண்டிய குழு முன்னரே பெயர் குறித்து அறிவிக்கப்பட்டிருந்ததும், அதற்கும் அப்பால் ஒரு பொதுவாக்கெடுப்பு காத்திருந்ததுமே.

இவ்வாதத்தின் மறுபக்கத்தையும் அதே நாடு காட்டியது. 2020, 2021 ஆண்டுகளில் கேத்தரின் டே தலைமையில் கூடிய பாலினச் சமத்துவப் பேரவை, இல்லத்தில் பெண்ணின் பணியைப் பற்றிய பழைய அரசமைப்புப் பிரிவை நீக்கி, பராமரிப்புப் பணிக்குத் துணைநிற்க நியாயமான நடவடிக்கைகளை அரசு எடுத்தாக வேண்டும் என்று கடமை விதிக்கும் பிரிவொன்றைச் சேர்க்குமாறு பரிந்துரைத்தது. அரசு வாக்கெடுப்புக்கு வைத்த வாசகமோ, குடும்பத்தினர் ஒருவருக்கொருவர் செய்யும் பராமரிப்புக்குத் துணைநிற்க அரசு முயலும் என்பதாகச் சுருங்கியிருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கத்தினர் சிலர்கூட இதை எதிர்த்தனர். 2024 மார்ச் 8 அன்று இத்திருத்தத்தை ஏறக்குறைய 74 சதவீதத்தினரும், குடும்பத்தின் வரையறையை விரிக்கும் மற்றொரு திருத்தத்தை ஏறக்குறைய 68 சதவீதத்தினரும் தோற்கடித்தனர். பேரவைகள் மக்களின் நாடியை இழந்துவிட்டன என்று அப்போது எழுதப்பட்டது. மக்கள் தோற்கடித்த வாசகம் பேரவை எழுதிக் கொடுத்த வாசகமன்று என்பதை அவ்வாறு எழுதியோர் கணக்கில் எடுக்கவில்லை. பரிந்துரையின் தலைப்பை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மெலிவித்துவிட்டு, தோல்வியை மட்டும் குலுக்கலில் வந்தவர்களின் தலையில் சுமத்துவது அமைச்சரவைகளுக்கு எளிது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் தடை வேறு வடிவில் வந்தது. 2004இல், தொகுதிக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக 158 பேரும் பழங்குடி மக்கள் சார்பில் இருவரும் ஏறத்தாழ ஓராண்டு கூடி, தேர்தல் முறையையே மாற்றுமாறு 146க்கு 7 என்ற கணக்கில் பரிந்துரைத்தனர், 2005இல் 57.7 சதவீத வாக்காளர் அதை ஏற்றனர். ஆயினும், 60 சதவீதம் வேண்டும் என்று அரசு முன்கூட்டியே விதித்திருந்ததால், பெரும்பான்மையினர் விரும்பிய மாற்றம் நடைபெறவில்லை. தேர்தல் முறையை மாற்றும் முடிவைப் பழைய முறையில் வென்றவர்களிடம் விட முடியாது என்பதற்காகவே கூட்டப்பட்ட பேரவைக்கு, வெற்றிக்கோட்டை வரைந்து கொடுத்தவர்கள் அவர்களே.

பிரான்சின் கதை இன்னும் கசப்பானது. எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் மேலங்கிப் போராட்டம் வெடித்த பிறகு, குடியரசுத் தலைவர் இம்மானுவேல் மக்ரோன் 150 பேர் கொண்ட காலநிலைப் பேரவையை 2019இல் கூட்டி, அவர்களுடைய பரிந்துரைகளை வடிகட்டாமல் நாடாளுமன்றத்துக்கோ பொதுவாக்கெடுப்புக்கோ அனுப்புவதாக வாக்களித்தார். அவர்கள் 149 பரிந்துரைகள் தந்தனர். அவற்றுள் மூன்றை அவர் உடனே விலக்கினார். மற்றவை அமைச்சகங்களிலும் நாடாளுமன்றத்திலும் தேய்ந்து, 2021இல் வந்த சட்டத்தில் பலவும் அடையாளம் தெரியாமற் போயின. அவ்வாண்டின் தொடக்கத்தில் இறுதியாகக் கூடிய உறுப்பினர்கள், தம் பரிந்துரைகளை அரசு கையாண்ட விதத்திற்குப் பத்துக்கு 3.3 மதிப்பெண் அளித்தனர். பேரவை உறுப்பினர்கள் தம்மைக் கூட்டியவருக்கே மதிப்பெண் இடுவதென்பது பிரெஞ்சு அரசியலுக்குப் புதிது. மதிப்பெண்ணால் சட்டத்தில் ஒரு வரியும் மாறவில்லை என்பதும் உண்மை. சட்டத்தின் துணையின்றி ஒருவர் வாய்மொழியாகக் கொடுத்த உறுதி, அவருக்கே இடைஞ்சலான அன்று தளர்ந்துபோகும்.

கேள்வியை யார் எழுதுவது என்பதற்கு இந்தியாவிலிருந்தே ஒரு சான்று உண்டு. ஆந்திரப் பிரதேச அரசின் ‘விஷன் 2020’ திட்டம், வேளாண்மையை நம்பி வாழ்வோரின் பங்கை 70 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைப்பதையும் இயந்திரமயத்தையும் உள்ளடக்கியிருந்தது. 2001இல் இத்திட்டத்தை ஆராய, அன்றைய மேடக் மாவட்டத்தில் பிரஜா தீர்ப்பு என்ற பெயரில் கூடிய மக்கள் நடுவர் குழுவில், பெரும்பாலும் சிறு, குறு விவசாயிகளான 19 பேர் அமர்ந்தனர். மூன்று விதமான எதிர்கால வடிவங்கள் அவர்கள் முன் வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமின்றி, கலந்தோ மாற்றியோ தமக்கென ஒரு வடிவத்தைக் கட்டவும் உரிமை இருந்தது. அவர்கள் மரபணு மாற்றப் பயிர்களையும் நிலத்திலிருந்து ஆட்களை வெளியேற்றும் இயந்திரமயத்தையும் மறுத்தனர். இவர்கள் மாநில மக்கள்தொகையின் விகிதாசார மாதிரி அல்லர். திட்டத்தால் நேரடியாகப் பாதிக்கப்படுவோரே வேண்டுமென்று தெரிந்தெடுக்கப்பட்டனர். அதனால் சார்புநிலை குறித்த சர்ச்சை எழுந்தது, எழுந்ததும் நியாயமே. ஆனால், தேர்வில் அயர்லாந்துப் பேரவையைவிடப் பலவீனமான அக்குழுவுக்கு, கேள்வியையே மாற்றி எழுதும் உரிமையில் அதைவிட வலிமை இருந்தது.

இம்முறைக்கு எதிராக எழுப்பப்படும் ஆட்சேபங்களுள், சாதாரண மக்களுக்குச் சிக்கலான பொருள் புரியாது என்பது மிகவும் வலுவற்றது; மாலஹைடில் நடந்ததைப் படித்தவர் அதை மீண்டும் சொல்லார். வல்லுநர்களைத் தேர்ந்தெடுப்பவர் முடிவையும் மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கிறார் என்னும் ஆட்சேபமோ கனமானது. சாட்சியம் சொல்வோரின் பட்டியலை முன்கூட்டி வெளியிடுவதும், இரு தரப்பும் அதில் ஆள் சேர்க்க இடங்கொடுப்பதும், தமக்கு வேண்டிய வல்லுநரை உறுப்பினர்களே கேட்டு வரவழைக்க வழிசெய்வதும் அதைக் குறைக்குமேயன்றி முற்றும் நீக்கா. தேர்தலில் வென்றவர்களைப் பேரவை கீழறுக்கிறது என்ற அச்சத்திற்கு இதுவரையிலான வரலாற்றில் ஆதாரம் மிகக் குறைவு; பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பிரான்சிலும் இறுதிச் சொல் யாருடையதாக இருந்தது என்பதைப் பார்த்தால், அஞ்ச வேண்டியவர்கள் குலுக்கலில் வந்தவர்களே.

இறுதிச் சொல் உடையவர் பதில் சொல்லாமற் போகும் இச்சிக்கலுக்குச் சட்டத்தில் விடை எழுதிப் பார்த்திருப்பது, ஒரு லட்சம் பேர்கூட வாழாத, கிழக்கு பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழிச் சமூகப் பகுதியாகும். 2019 முதல் அங்கே, குலுக்கலில் வந்த 24 பேர் கொண்ட நிலையான குடிமக்கள் குழு ஒன்று இயங்குகிறது. எந்தப் பொருளைப் பேரவைக்கு விடுவது என்பதை அமைச்சரோ நாடாளுமன்றமோ முடிவு செய்யாமல், அக்குழுவே முடிவு செய்கிறது. பின் அப்பொருளுக்கெனத் தனியே குலுக்கிய பேரவை கூடி, தன் பரிந்துரைகளை நாடாளுமன்றக் குழுவின் முன் நேரில் வைக்கிறது. ஏற்காத பரிந்துரை ஒவ்வொன்றுக்கும் நாடாளுமன்றமும் அரசும் காரணம் சொல்ல வேண்டும். ஏற்றவை என்னவாயின என்பதைப் பற்றி, ஓராண்டுக்குள் மீண்டும் பொதுவெளியில் கூடிக் கணக்குக் காட்ட வேண்டும். அயர்லாந்தின் பேரவைகளைப் போல உலகம் இதைப் பேசவில்லை; இங்கு ஆராயப்படும் பொருள்களும் பராமரிப்பு ஊழியம், பள்ளிக்கல்வி, குடியிருப்பு போன்ற அன்றாடப் பொருள்களே. எனினும், வேறு எங்கேனும் குடிமக்கள் பேரவையொன்றைக் கூட்ட எண்ணும் அரசும் அதைக் கோரும் இயக்கமும், எத்தனை பேரை எப்படிக் குலுக்குவது என்று திட்டமிடத் தொடங்குவதற்கு முன், இச்சிறு பகுதியின் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பதில் சொல்ல வேண்டியவர் யார், எந்த நாளுக்குள் என்ற இரு வரிகளை முதலில் எழுதிவிட வேண்டும்.